தண்ணீருக்குள் பயந்தவனைக் கண்டுபிடிப்பது

1

போன செவ்வாய்க்கிழமை இந்த ஊர் நீச்சல் குளத்தின் மேல்மாடி அறையில், கடலுக்குள் இறங்கிச் சுழியோடப் பழகுகிற புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். வருடா வருடம் குளிர் தொடங்கும்போது எடுப்பதுதான். தண்ணீருக்குள் ஒருவன் பயந்துவிட்டான் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, அந்தப் பயம் தலைக்கேறுவதற்கு முன் எப்படித் தடுப்பது என்பதுதான் பாடம். எனக்கு ஒழுங்காக நீந்தவும் தெரியாது. இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கும் ஸ்கொட்லாந்துக் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இங்குள்ளவர்களும் கேட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

இந்த வருடம் போக மனமில்லை. சுழியோடிகள் சங்கத்துச் செயலாளர் பெண், "வேண்டுமானால் வேறு யாரையாவது கூப்பிடுகிறோம்" என்று மெல்லச் சொன்னாள். அப்படி மெல்லச் சொன்னதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. வருகிறேன் என்று சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டேன்.

போய் வழக்கமானதைச் சொன்னேன். பயம் தண்ணீரில் தொடங்குவதில்லை, படகிலேயே தொடங்குகிறது. ஓயாமல் பேசுகிறவன் திடீரென்று வாயை மூடிக்கொள்வான். சும்மா இருந்தவன் அர்த்தமில்லாமல் சிரிப்பான். மூன்று தடவை கட்டிய வாரை நான்காம் தடவை கட்டுவான். முகக் கண்ணாடி ஒழுகுகிறது, காது வலிக்கிறது என்று சாக்குச் சொல்லுவான். அந்தச் சாக்கைக் கேலி செய்யாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். உள்ளே இறங்கிய பிறகு மூச்சைப் பாருங்கள். நல்லபடியாக இருக்கிறவனின் குமிழிகள் விட்டு விட்டு வரும், பயந்தவனுடையது கொதிக்கிற உலைபோல இடைவெளியில்லாமல் வரும். கண் விரிந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. இல்லாத ஏணியில் ஏறுகிறவன்போலக் கைகால் அடிப்பான். அவன் முன்னால் போகாதீர்கள், உங்களைப் பிடித்து அமுக்கிவிடுவான். பின்னால் போய் முதுகிலுள்ள காற்றுக் குப்பியைப் பிடியுங்கள். உங்களுக்கே பயம் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், எதையாவது பிடித்துக்கொண்டு மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், பிறகு யோசியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் உண்டு. இன்றைக்கு நான் இறங்கவில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "இந்த அடையாளம் ஒன்றையும் காட்டாமல் ஒருவர் பயந்தால் என்ன செய்வது?"

நல்ல கேள்வி என்று சொன்னேன். அப்படியானவரிடம் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டச் சொல்லுங்கள், பயந்தவரால் மானியைப் பார்த்துச் சரியாகச் சொல்ல முடியாது என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். அது பொய் என்று எனக்குத் தெரியும், அந்த அறையில் இன்னும் இரண்டொருவருக்கும் தெரியும்.

பதுளையில் பத்திரிகை நடத்துகிற நண்பர் வருடத்துக்கு ஒரு தடவை "வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள்" என்று கேட்பார். போன தடவை பனியில் வழுக்கி விழுந்ததையும், தேயிலைக்குள் பிறந்த எனக்கு இங்கே பால் ஊற்றி ஆறிய தேநீர் தந்ததையும் எழுதினேன். ரசித்ததாகச் சொன்னார்கள். இந்தத் தடவை ரசிக்க ஒன்றுமில்லை. என் தம்பி செல்வத்தைப் பற்றி எழுதுகிறேன்.

2

முதலில் என் வேலையைச் சொல்லவேண்டும். அறுபத்தெட்டில் தாதிப் படிப்புக்காக இங்கே வந்தேன். அப்பா சில்லறைக் கங்காணி. எங்கள் தோட்டத்தில் பிரஜாவுரிமை கிடைத்த ஒரு சில குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அதனால் எனக்குக் கடவுச்சீட்டு கிடைத்தது, பதுளையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்ததால் இங்கிலீசும் கிடைத்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் இன்றைக்கும் கொழுந்துக் கூடையோடுதான் நின்றிருப்பேன். இங்கே வந்து இந்த ஊர்க்காரரையே கல்யாணம் செய்துகொண்டேன். ஜோன் மீன் ஏலக் கூடத்தில் வேலை. மாலா என்று ஒரே மகள், பதினாலு வயது. அவளுக்குத் தெரிந்த தமிழ் "மாமா", "போதும்", "சோறு". நான் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் வரும். அதட்டினால் இங்கிலீசும் வராது.

எங்கள் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பெரிய இரும்பு உருளை ஒன்று இருக்கிறது. தேயிலை ஃபக்டரிக் கொதிகலனைப் படுக்கப் போட்டதுபோல. சுழியோடிகள் அதைப் "பானை" என்பார்கள். ஆழத்தில் சுவாசிக்கிற காற்று தண்ணீரின் பாரத்தால் அமுங்கி இருக்கும். ஒருவன் பயந்துபோய் ஒரே மூச்சில் மேலே வந்தால் அந்தக் காற்று உடம்புக்குள் விரிந்து, குமிழியாகி, இரத்தத்தோடு மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் போய் அடைத்துக்கொள்ளும். அப்படி வருகிறவனைப் பானைக்குள் வைத்துப் பூட்டி, மறுபடி காற்றை அழுத்திக் குமிழியைச் சுருக்கி, பிறகு அழுத்தத்தை மெல்ல மெல்ல இறக்குவோம். கூடவே ஒரு தாதியும் உள்ளே இருக்கவேண்டும். கதவைச் சாத்தினால் நினைத்த நேரம் வெளியே வர முடியாது. அந்தத் தாதி பெரும்பாலும் நான்தான். மற்றவர்களுக்கு மூச்சு முட்டுகிறதாம். தோட்டத்து லயத்தில் பத்தடிக் காம்பராவில் ஏழு பேரோடு வளர்ந்தவளுக்கு அங்கே என்ன மூச்சு முட்டப்போகிறது.

பானைக்குள் இத்தனை வருடம் உட்கார்ந்து எத்தனையோ பேரின் கதையைக் கேட்டிருக்கிறேன். நான் கேட்ட வரையில் கடல் கெடுத்தவர்கள் கொஞ்சம், பயம் கெடுத்தவர்கள்தான் அதிகம். குப்பியில் காற்று இருக்கும்போதே வாய்க்குழாயைத் துப்பிவிட்டு மேலே பாய்ந்தவர்கள். ஏன் துப்பினாய் என்றால் தெரியாது என்பார்கள். அந்தக் கதைகளைச் சேர்த்துத்தான் என் பாடம்.

3

விடியக்காலையில் வேலைக்கு ஆளெடுக்கிற பெரட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பெரட்டில் எங்கள் முகம் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் நீங்களும் அந்த வரிசையில்தான் நின்றீர்கள். விடியாத பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையைக் கட்டி, கணக்கப்பிள்ளை எந்த மலைக்கு அனுப்பினாலும் "சரிங்க" என்று சொல்கிற முகம். சுகமில்லை என்று சொன்னவனை முதலில் ஏற இறங்கப் பார்ப்பார்கள். முடியாது என்றவனுக்கு அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. இரண்டு மூன்று தடவை சொன்னவனுக்குத் தோட்டத்திலேயே பேர் இல்லை, பதிவிலிருந்து வெட்டிவிடுவார்கள். ஆகையால் பயத்தையும் நோவையும் முகத்துக்கு வரவிடாமல் வைத்திருப்பதைப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகிக்கொள்வார்கள்.

செல்வம் என்னைவிடப் பத்து வயது இளையவன். எழுபத்து நாலில், ஊரெல்லாம் மாவுக்கும் அரிசிக்கும் அலைந்த காலத்தில், நான் லீவில் வந்தபோது அவன் பேர் பதிந்து வேலை செய்துகொண்டிருந்தான். எங்கள் ஃபக்டரிக்கு மேலே ஒரு சின்ன அணைக்கட்டு. மழைக்குப் பிறகு இலையும் சருகும் வந்து தண்ணீர் போகிற வாயின் கம்பி வலையை அடைத்துக்கொள்ளும். ஒருவர் மூச்சைப் பிடித்து உள்ளே முங்கி அதைப் பிடுங்கி எடுக்கவேண்டும். இழுவை இருக்கிற இடம், கை மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். பெரிய ஆம்பிளைகள் எல்லாம் காதைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். செல்வம் மட்டும் "சரிங்க" என்று சட்டையைக் கழற்றுவான்.

நான் கரையில் நின்று பார்த்தேன். அப்பா தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்து சொன்னார்: "மூச்ச மட்டும் விட்டுறாத. என்ன ஆனாலும் உள்ளுக்கே புடிச்சு வச்சுக்க. மேல வந்துதான் விடணும்."

"சரிப்பா."

போனான், வந்தான், மறுபடி போனான். ஏறி வந்தபோது உதடு நீலம். முகத்தில் ஒன்றுமில்லை. அப்பா பக்கத்தில் நின்றவரிடம், "எம் மகன் மொகத்துல ஒரு சுளிப்பு பாத்திருக்கியா?" என்று பெருமையாகக் கேட்டார். செல்வம் கையைப் பின்னால் கட்டியிருந்தான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். அந்தக் கை நடுங்கிய நடுக்கம் குளிரால் வந்த நடுக்கமில்லை. ஒன்றையொன்று நசுக்கிப் பிடித்தும் அடங்கவில்லை.

4

பிறகு செல்வம் தோட்ட வேலையை விட்டுப் பதுளையில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தான். ராணியைக் கட்டினான், ஒரு பிள்ளை பிறந்தது. எண்பத்து மூன்று ஆடியில் அந்தத் தெருவுக்கு என்ன நடந்தது என்று பதுளைக்காரர்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. அடுத்த கடை முஸ்லிம் நானா அவனை உள்ளே இழுத்துப் பூட்டிக்கொண்டதால் உயிர் தப்பினான். பூட்டிய கதவுக்கு உள்ளே நின்று என்னென்ன கேட்டான், முதலாளிக்கு என்ன ஆனது, ஒன்றையும் அவன் என்னிடம் சொன்னதில்லை. ராணி லயத்துக்குத் திரும்பி அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பகலிலேயே கதவைச் சாத்திக்கொள்கிறாளாம்.

அடுத்த வருடம் என் விருந்தாளியாக இங்கே வந்தான். வந்தபின் அகதியாகப் பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பித்தோம். இங்கே அதற்கு ஒரு நடைமுறை உண்டு. எழுதிப் போடவேண்டும், பிறகு காத்திருக்கவேண்டும். காத்திருக்கும்போது வேலை செய்யக் கூடாது. எத்தனை நாள் என்று கேட்கவும் கூடாது. கேட்டால் இன்னும் பிந்தும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரிக் கதிரையில் காத்திருக்கிறவர்களைப் பார்த்துப் பழகியவள், எனக்கே பைத்தியம் பிடித்தது. செல்வம் சன்னலோரத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராணியையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்வது ஒன்றுதான் அவன் நினைப்பு. வேறு எதையும் அவன் கேட்டதில்லை. "அதுக கதவ சாத்திக்கிட்டு எத்தன நாளைக்குக்கா இருக்கும்?" என்று ஒரு நாள் கேட்டான். அது ஒரு நாள்தான், மற்ற நாட்களில் எது கேட்டாலும் "ஒண்ணுமில்லக்கா".

மாலாதான் அவனுக்கு இங்கிலீசு சொல்லிக் கொடுத்தாள். இந்த ஊரில் யாராவது நன்றி சொன்னாலோ மன்னிப்புக் கேட்டாலோ "நோ பொதர்" என்பார்கள், ஒரு சிரமமும் இல்லை என்று. அதை அவன் கப்பென்று பிடித்துக்கொண்டான். கடையில் சில்லறை பிசகினால் நோ பொதர். பஸ் போய்விட்டால் நோ பொதர். பொடியன்கள் தெருவில் அவனைப் பார்த்து ஏதோ கத்தியபோதும் நோ பொதர். மாலா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் தமிழிலிருந்து விலகிப் போகப் போக, அவன் அவளுடைய ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

5

ஹேமிஷ் என் கணவரின் சிநேகிதர். சின்னப் படகு வைத்திருக்கிறார். விசிறிபோல ஓடு உள்ள பெரிய சிப்பியைக் கடலடியில் கையால் பொறுக்கி எடுத்து விற்கிற தொழில். நல்ல மனுசர், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். துணைக்கு இறங்க ஆள் தேடினார். செல்வம் வீட்டில் புழுங்குவதைப் பார்த்த ஜோன், "தண்ணீருக்குள் வேலை செய்திருக்கிறாயாமே?" என்று கேட்டார். அணைக்கட்டுக் கதையை நான்தான் எப்போதோ சொல்லியிருந்தேன். செல்வம் தலையை ஆட்டினான். காசைக் கையில் கொடுப்பார்கள், யாருக்கும் தெரியாது. ராணியின் பயணத்துக்கு ஆகும்.

நான் கோபத்தில் குதித்தேன். சட்டம் பிடித்தால் விண்ணப்பமே போய்விடும் என்றேன். கடலில் இறங்குகிறவர்கள் எப்படி என் பானைக்கு வருகிறார்கள் என்று விவரம் விவரமாகச் சொன்னேன். "மூச்சப் புடிக்கவே கூடாது, விளங்குதா? அப்பா சொன்னதுக்கு நேர் மாத்து. குப்பிக் காத்த சுவாசிச்சவன் மூச்சப் புடிச்சுக்கிட்டு மேல வந்தா நெஞ்சு வெடிச்சிரும்."

"சரிக்கா. விட்டுக்கிட்டே வரணும். ஹேமிஷ் அய்யாவும் சொன்னாரு."

ஹேமிஷ் அவனை அமைதியான கடல்வாயில் வாரக்கணக்காகப் பழக்கினார். பழக்கிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார், இத்தனை வருடத்தில் இவ்வளவு அமைதியான ஆளைத் தாம் கண்டதில்லை என்று. கண்ணாடியை வேண்டுமென்றே கழற்றிவிட்டாலும் அசைய மாட்டானாம்.

அன்றிலிருந்து செல்வம் வேலைக்குப் புறப்படுகிற காலைகளில் அவனைக் கவனித்தேன். என் பாடத்தில் உள்ள அடையாளம் ஒன்றும் இல்லை. வாரை ஒரு தடவைதான் கட்டினான். சாக்குச் சொல்லவில்லை. சாப்பிட்டான், கோப்பையைக் கழுவி வைத்தான். ஆனால் கண்ணிமை அடிப்பது குறைந்திருந்தது. மூச்சு வயிற்றுக்குப் போகாமல் கழுத்தெலும்பிலேயே நின்றது. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடிக்கொண்டிருந்தான். பெரட்டில் நின்றவளுக்குத்தான் அது தெரியும்.

"செல்வம், ஒனக்குப் பயமா இருக்கா?"

"இல்லக்கா."

"இருந்தா எறங்காத. இன்னைக்கு வேணாம்னு சொல்லு. இங்க ஏன்னு கேக்க மாட்டாங்க. அது அவங்க சட்டம்."

"கேக்க மாட்டாங்க. நாளைக்கு வேற ஆளக் கூப்புடுவாங்க."

"கூப்புடட்டுமே."

அவன் என்னைப் பார்த்தான். விளையாடுகிறாயா என்று கேட்கிற பார்வை. பிறகு "நோ பொதர்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

ஹேமிஷிடமே போய்ச் சொன்னேன். அவன் அசையாமல் இருப்பது அமைதி இல்லை, அதுதான் பயம், எங்கள் ஆட்கள் அப்படித்தான் பயப்படுவோம் என்றேன். ஹேமிஷ் கேலி செய்யவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு இறக்கத்திலும் பலமுறை நிறுத்தி, காற்று எவ்வளவு என்று காட்டச் சொன்னார். செல்வம் ஒவ்வொரு முறையும் மானியைப் பார்த்து விரலால் சரியாகக் காட்டினான். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. கணக்கப்பிள்ளை கேட்டால் பதில் சொல்லியே பழகிய பரம்பரை, எந்த நிலையிலும் சரியாகச் சொல்வோம்.

6

மாசி மாதம் ஒரு பகல், வார்டில் இருந்தபோது பானையைத் தயார் செய்யச் சொல்லி அழைப்பு வந்தது. சிப்பிப் படகிலிருந்து ஒருவர் என்றார்கள். பெயர் கேட்கவில்லை. கேட்காமலே பின்கட்டுக்கு ஓடினேன்.

நடந்ததை ஹேமிஷ் பிறகு சொன்னார். தண்ணீர் கலங்கலாக இருந்ததாம். செல்வத்தின் கண்ணாடி வார் அறுந்து கண்ணாடி விழுந்துவிட்டது. குளிர்ந்த கடல் மூக்கிலும் கண்ணிலும் அடித்திருக்கும். ஹேமிஷ் திரும்பிப் பார்த்தபோது அவன் மணலில் முழங்காலிட்டு, இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தானாம். சரியா என்று கைக் குறியால் கேட்டார். கண் தெரியாமலே, பக்கத்தில் ஆள் நிற்பதை உணர்ந்து, சரி என்று குறி காட்டியிருக்கிறான். நிதானமாக இருக்கிறான் என்று நம்பி ஹேமிஷ் விழுந்த கண்ணாடியை எடுக்கக் குனிந்தார். அந்தக் குனிந்த நேரத்தில் செல்வம் வாய்க்குழாயைத் துப்பி, வாயை இறுக்க மூடி, மூச்சை உள்ளுக்கே பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டான்.

பழக்கிய வாரக்கணக்கு ஒன்றும் நிற்கவில்லை. உயிர் பதறுகிற நேரத்தில் உடம்பு முதலில் கற்றதைத்தான் செய்யும். அவன் உடம்பு எங்கள் அணைக்கட்டில் கற்றது.

சொந்தத் தம்பி என்பதால் வேறு தாதியை அனுப்பலாம் என்றார் டொக்டர். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொன்னேன். இரும்புக்குள் காற்று இரைந்து ஏறும்போது நல்ல சூடு பிடிக்கும், குரல் வாத்துக் குரலாக மாறும். செல்வத்துக்கு நினைவு வந்ததும் என்னைப் பார்த்தான்.

"அக்கா, ஹேமிஷ் அய்யா கோவமா?"

"இல்லடா."

"சிப்பிப் பைய விட்டுட்டேன்."

"கால அசை."

அவன் முயன்றான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கழுத்து நரம்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கால் அப்படியே கிடந்தது. நாங்கள் மறுபடியும் மறுபடியும் பானைக்குள் வைத்தோம். கையும் பேச்சும் முழுதாக வந்தன. இடுப்புக்குக் கீழே வரவில்லை, இனி வராது. இதை ஒரு தாதியாக நான் அடுத்தவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை. டொக்டர்தான் சொன்னார். செல்வம் கேட்டுவிட்டு அவருக்கு நன்றி சொன்னான்.

7

ஆஸ்பத்திரி மூலம் செய்தி போய், விண்ணப்பத்தை விசாரிக்கிற அதிகாரி வார்டுக்கே வந்தார். வேலை செய்ததைப் பற்றி அவர் பெரிதாகக் கிளறவில்லை. மரியாதையான மனிதர், கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். கூடவே மொழிபெயர்க்க நகரத்திலிருந்து ஒரு தமிழர், யாழ்ப்பாணத்துப் பெரியவர். குடும்பத்தார் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் இடையில் பேசக் கூடாது என்றார்கள்.

அதற்கு முந்திய வாரம் முழுக்க நான் செல்வத்திடம் சொல்லியிருந்தேன். "உள்ளத உள்ளபடி சொல்லு. அந்தக் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டத சொல்லு. திரும்பிப் போகப் பயமா இருக்குன்னு சொல்லு. அத ஒண்ணத்தான் அவங்க பாப்பாங்க. நீ பயந்தாத்தான் ராணி இங்க வரலாம், விளங்குதா?"

"சரிக்கா."

அதிகாரி கேட்டார், பெரியவர் தமிழில் சொன்னார். "நீர் வேலை செய்த கடையை எரிச்சவையோ?"

"ஆமாங்க. எரிஞ்சதுங்க."

"உமக்கு ஆரும் ஏதும் செய்தவையோ?"

"இல்லிங்க. நான் அடுத்த கடையில இருந்தேனுங்க."

"முதலாளிக்கு என்ன நடந்தது?"

செல்வம் கையைக் கட்டிக்கொண்டான். படுத்தபடியே, நெஞ்சின் மேல். கட்டைவிரல் இரண்டும் உள்ளே போயின. "அவரு இல்லிங்க."

அதிகாரி காத்திருந்தார். பிறகு அடுத்த தாளைப் புரட்டினார்.

"திரும்பிப் போகப் பயமோ எண்டு கேக்கினம். பயமெண்டால் ஏனெண்டும் சொல்லலாம்."

எனக்கு எழுந்து நின்று கத்தவேண்டும் போல இருந்தது. பாருங்கள், அவன் இமைக்கவில்லை. மூச்சைப் பாருங்கள், கழுத்துக்கு மேலேயே நிற்கிறது. இதைத்தான் நான் வருடா வருடம் பாடம் எடுக்கிறேன், என்னைக் கேளுங்கள் என்று. வாயைத் திறந்தேன். அதிகாரி மிகவும் கனிவாகக் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"பயமில்லிங்க," என்றான் செல்வம். "ஒண்ணுமில்லிங்க."

பெரியவர் ஒரு கணம் தயங்கி அவனைப் பார்த்தார். அவருக்கு ஏதோ பட்டிருக்கவேண்டும். ஆனால் சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பதுதான் அவர் வேலை, அதைச் சரியாகச் செய்தார்.

பாதுகாப்பு மறுக்கப்பட்டது என்ற முடிவு ஆவணிக்கு முன் வந்தது. அந்தப் பகுதி இப்போது அமைதியாக இருக்கிறதாம், விண்ணப்பதாரரும் தனக்கு அச்சமில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாராம். மேல்முறையீடும் நிற்கவில்லை. பிரயாணம் செய்யலாம் என்று டொக்டர் எழுதிக் கொடுக்கும் வரைதான் செல்வம் இங்கே இருப்பான், கிறிஸ்மஸ் தாண்டாது. ராணியை லுணுகலைத் தபால் கந்தோருக்கு வரச் சொல்லி ரெலிபோனில் பேசினேன். "அவுங்க நடக்குறாங்களா?" என்று கேட்டாள். மற்ற எதையும் கேட்கவில்லை. எங்கள் லயத்துக்கு ஏறுகிற படி பாறையில் வெட்டியது, மழைக்குப் பாசி பிடிக்கும். சக்கர நாற்காலியை அங்கே எதற்கு வைத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஊற்றுக்கும் கக்கூசுக்கும் அவனை யார் தூக்குவது என்றும் தெரியவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டில் சாப்பிட்ட பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை. மாலா மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அத்தன தடவ சொல்லிக் குடுத்தேனே செல்வம். பயமா இருக்குன்னு ஒரு வார்த்த. ஏண்டா சொல்லல?"

அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். எனக்குக் கோபமா என்று என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"பயம்னு சொன்னா அனுப்பிருவாங்கன்னு நெனச்சேன்க்கா."

மாலா பேனாவை வைத்துவிட்டு, மாமா என்ன சொன்னார் என்று இங்கிலீசில் கேட்டாள். நான் அவளுக்குச் சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன்.